கொழுப்பு தங்க இடம் போதாதபோது

2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புணே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது: யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினில் ஏறி நின்று நாம் தெரிந்துகொள்வது எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

சர்க்கரை நோய் வருமா என்பதை முடிவு செய்வதில், எத்தனை கிலோ கொழுப்பு என்பதோடு அது எங்கே தங்கியிருக்கிறது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புச் செல்கள் நமக்கு நன்மை செய்பவை. சாப்பாட்டில் மிஞ்சியதை வாங்கிச் சேர்த்துவைத்து, பசித்த நேரத்தில் அளந்து கொடுக்கின்றன. இருப்பு எவ்வளவு என்பதை மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. 1994-இல் ஆய்வாளர் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அதைக் கண்டுபிடித்த பிறகு, கொழுப்பையும் ஒரு சுரப்பியாகப் பார்க்கும் வழக்கம் வந்தது. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிபோனெக்டினும் அங்கேதான் சுரக்கிறது.

ஆனால் எந்தக் குதிருக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் கூடத்திலும் அடுப்படியிலும் கொட்டத்தான் வேண்டியிருக்கும். அளவு மீறிப் பருத்த கொழுப்புச் செல்லுக்கு ஆக்ஸிஜன் போதவில்லை. செல்கள் சாகத் தொடங்குகின்றன, அவற்றை அப்புறப்படுத்த நோயெதிர்ப்புச் செல்கள் வந்து குவிகின்றன, அழற்சி மூள்கிறது. அடிபோனெக்டின் குறைகிறது. கொழுப்பை வெளியே விடாதே என்று இன்சுலின் இடும் கட்டளை அந்தச் செல்லுக்கு எட்டுவதில்லை. கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கசிந்து, கல்லீரல், தசை, கணையம் என்று தங்கக்கூடாத இடங்களில் போய்த் தங்குகிறது.

இந்தக் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். நூறு கிலோ எடையில் சர்க்கரை சரியாக இருப்பவர் உண்டு. அறுபது கிலோவில் மாத்திரை எடுப்பவரும் உண்டு. நம் நாட்டவருக்குப் பொதுவாகக் குதிர் சிறிது. சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் முடிவுகள் 2023-இல் வந்தன. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. அதே ஆய்வில் நாடு முழுவதும் பார்த்தால் பி.எம்.ஐ.படி பருமன் 28.6 சதவீதம் பேருக்கு, தொப்பை 39.5 சதவீதம் பேருக்கு. தொப்பை இருந்தும் பருமன் கணக்கில் வராதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தங்களுக்கு ஆபத்து இருப்பதாக அவர்கள் நினைப்பதே இல்லை.

செய்யக்கூடாதவை

‘நான் ஒல்லிதானே’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெலிந்த கை கால், முன்னால் தள்ளிய வயிறு. பேருந்து நிறுத்தத்தில் நாலு பேரைப் பார்த்தால் இரண்டு பேர் இந்த உடல்வாகோடு நிற்பார்கள். இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்று யாஜ்னிக் காட்டினார். புணேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. முதுகுப் புறத்தில் தோலடிக் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய ஆங்கிலக் குழந்தைக்குச் சமமாக இருந்தது.

அதனால்தான் ஐரோப்பியருக்கு வகுத்த அளவுகோல் நமக்குப் பொருந்துவதில்லை. அங்கே பி.எம்.ஐ. 25-இல் அதிக எடை, 30-இல் பருமன். இந்தியருக்கு 23-இல் அதிக எடை, 25-இல் பருமன். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 63 கிலோவிலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. 68 கிலோவில் பருமன் என்றாகிவிடுகிறது. ‘கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்சம் சதை போட்டிருக்கு, அவ்வளவுதான்’ என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும் எடை இது.

கொழுப்பையே எதிரியாக நினைக்காதீர்கள்.

லிப்போடிஸ்ட்ரோஃபி என்று ஓர் அரிய நோய் இருக்கிறது. அது வந்தவர்களுக்குக் கொழுப்புத் திசுவே இருக்காது, சிலருக்குப் பிறவியிலேயே. நரம்பும் தசையும் தனித்தனியாகத் தெரியும் உடம்பு. பருமனே இல்லாத இவர்களுக்குச் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காது என்றுதானே தோன்றும்? நடப்பது நேர்மாறு. சேமித்துவைக்க இடமில்லாத கொழுப்பு முழுதும் கல்லீரலில் அடைந்து, மிகக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. லெப்டினை ஊசியாகப் போட்டால் பலருக்கு நிலை தேறுகிறது. கொழுப்புச் செல் இல்லாமல் போவதும், இருப்பது நிறைந்து வழிவதும் உடம்பை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

இதன் மறுபக்கத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 15 பருமனான பெண்களுக்கு லைப்போசக்‌ஷன் செய்து, வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறன் கொஞ்சமும் கூடியிருக்கவில்லை. 2004-இல் வெளியான ஆய்வு இது. எடுத்தது தோலடிக் கொழுப்பை. கல்லீரலில் இருந்தது அங்கேயே இருந்தது. அழகுக்காக அந்தச் சிகிச்சை செய்துகொள்வது அவரவர் விருப்பம். சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பைப் பற்றிப் பெண்கள் மிகவும் வருந்துகிறார்கள். சர்க்கரையைப் பொறுத்தவரை அது காவல்தான். மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு சேரும் இடம் வயிற்றுக்கு மாறும். கவனிக்க வேண்டிய காலம் அது.

இன்னொரு சேதி. பயோகிளிட்டசோன் என்ற மாத்திரை சிலருக்கு எடையைக் கூட்டும். அதே சமயம் சர்க்கரையைக் குறைக்கும். தோலடியில் புதிய, சிறிய கொழுப்புச் செல்களை உருவாக்கி, கல்லீரலில் கிடக்கும் கொழுப்பை அங்கே இடம் மாற்றுவதுதான் அதன் வேலை. ‘இந்த மாத்திரையால் குண்டாகிறேன்’ என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று இருந்தால், அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தவர்களில் பலர் இதைப் படித்திருப்பார்கள். ‘எல்லாருக்கும் இருக்கிறதுதான்’ என்று பக்கத்துவீட்டுக்காரர் ஆறுதலும் சொல்லியிருப்பார். குதிர் நிறைந்துவிட்டது என்பதற்கு வலி இல்லாமல், ஊசி இல்லாமல் கிடைக்கும் முதல் தகவல் இது.

இரவெல்லாம் நாம் சாப்பிடாமல் இருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. இன்சுலின்தான் அதற்குக் கடிவாளம். கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் சர்க்கரையைக் கொட்டுகிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்திலேயே சர்க்கரை கூடித் தெரிவது இதனால்தான். கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் கல்லீரலில் மேலும் கொழுப்பைச் சேர்க்கிறது. கல்லீரல் அதை ரத்தத்தில் தள்ள, கணையத்திலும் படிகிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஓயத் தொடங்குகின்றன. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் விவரித்த இரட்டைச் சுழல் இது.

இது இரு திசையிலும் சுழலும். 2011-இல் அவருடைய குழு, சர்க்கரை நோய் வந்த 11 பேரை நாளைக்கு 600 கலோரி உணவில் வைத்துப் பார்த்தது. ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. எட்டு வாரத்தில் கணையத்துக்கும் இன்சுலின் சுரக்கும் திறன் திரும்பியது. பின்னர் செய்த ஆய்வில், கணையத்திலிருந்து போக வேண்டியிருந்த கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு என்று தெரிந்தது. வழிந்தோடியது அவ்வளவுதான், அதன் விளைவு எவ்வளவு பெரிது!

மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

பிள்ளையின் கழுத்துக் கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள்.

கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். சரியாகக் குளிப்பதில்லை என்று அம்மா திட்டுவார். கடலை மாவு, எலுமிச்சம் பழம், பீர்க்கங்காய் நார் எல்லாம் வரும். அழுக்கு இல்லை அது. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் அது தோல் செல்களையும் வளரத் தூண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படி இருந்தால், அதன் உடம்பு இன்சுலினோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பெரும்பாலும் பொருள். திட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெண் பிள்ளையாக இருந்து, மாதவிடாயும் தள்ளித் தள்ளி வந்தால் பி.சி.ஓ.டி. என்ற சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

குழந்தை கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று ஊட்டித் திணிக்காதீர்கள்.

புதுடெல்லியில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து எடை பார்த்துவந்த 1,492 பேரை அவர்களின் 26 முதல் 32 வயதில் பரிசோதித்தார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்தும், அதன் பிறகு சிறுவயதில் வேகமாக எடை கூடியும் இருந்தார்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் யாரும் பருமன் என்ற கணக்கில் வரவில்லை; இருந்த இடத்திலிருந்து மேலே ஏறியதே போதுமானதாக இருந்தது. ஆகவே மூன்று வயதுக் குழந்தை போதும் என்று தலையைத் திருப்பினால், அந்தக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

தாகத்துக்குச் சர்க்கரையைக் குடிக்காதீர்கள்.

300 மி.லி. குளிர்பானத்தில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதில் பாதியான ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் நேரே கல்லீரலுக்குப் போகிறது, மிகுந்தால் அங்கே கொழுப்பாகிறது. பழச்சாறும் பெரிதாக வேறு இல்லை. பழத்தை மென்று தின்னுங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் நம் மண்ணின் பொருட்கள், சுவையானவை. கல்லீரலுக்கு அவையும் சர்க்கரைதான். நாளைக்கு நான்கு டீ குடிப்பவர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நண்பர் போட்டுக்கொண்டார் என்று எடை குறைக்கும் ஊசியை வாங்கிப் போடாதீர்கள்.

செமாகுளூடைடும் டிர்செபடைடும் நல்ல மருந்துகள். 2025-இல் எடைக்குறைப்புக்கென்றே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. பசியைத் தணித்து எடையை இறக்குகின்றன, சர்க்கரையும் இறங்குகிறது. ஆனால் கொழுப்போடு தசையும் கரையும். நம்மிடம் தசை ஏற்கெனவே குறைவு. நிறுத்தினால் எடை திரும்புகிறது. கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்து எழுதிக்கொடுக்க ஒரு மருத்துவர் வேண்டும்.

குண்டாக இருப்பவரைக் கேலி செய்யாதீர்கள். கேலியால் யாருக்கும் எடை குறைவதில்லை. மருத்துவரைப் பார்ப்பதைத்தான் அவர்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

ஓர் இஞ்ச் டேப் வாங்கி வீட்டில் வையுங்கள்.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம் என்று 1947-லேயே பிரான்ஸின் மார்செய் நகரத்து மருத்துவர் ஜான் வாக் எழுதிவிட்டார். வயிற்றில் சேர்பவர்களுக்கே சர்க்கரை நோய் மிகுதி என்றார் அவர். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. தையற்காரரின் டேப் போதும். சட்டையை விலக்கி நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காதீர்கள், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும், பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் கீழே இருக்க வேண்டும். பேன்ட் அளவை வைத்துக் கணக்கிடாதீர்கள். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள்.

உங்கள் மதிப்பெண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சென்னையில் மருத்துவர் மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய் ஆபத்து மதிப்பெண்ணை ஒரு சீட்டில் எழுதிப் போட்டுவிடலாம். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-உம் அதற்கு மேலும் என்றால் 30. வயிற்றுச் சுற்று மேலே சொன்ன அளவுக்குள் இருந்தால் 0. ஆணுக்கு 90 முதல் 99, பெண்ணுக்கு 80 முதல் 89 என்றால் 10. அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் உண்டென்றால் 0, ஏதோ ஒன்று என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம்.

42 வயது, 94 செ.மீ. வயிறு, நாற்காலி வேலை, அப்பாவுக்குச் சர்க்கரை உள்ள ஓர் ஆணுக்கு 70 வருகிறது. நம் அலுவலகங்களில் பாதிப்பேர் இவரைப் போலத்தான் இருப்பார்கள். நான்கில் இரண்டை இவரால் மாற்ற முடியும் என்பதைப் பாருங்கள். வயிற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தவறாமல் நடக்கவும் தொடங்கினால் 50.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு மணி நேரக் கணக்கையும் கேளுங்கள்.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். நம்மவர்களில் பலருக்குச் சாப்பிட்ட பின் உள்ள அளவுதான் முதலில் கெடுகிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை இருந்தால் நோயின் வாசலில் நிற்கிறீர்கள். 200-ஐத் தொட்டால் உள்ளே வந்துவிட்டீர்கள். மூன்று மாதச் சராசரி என்று லேபில் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை வாசல், 6.5-லிருந்து நோய். எல்லாம் நன்றாக இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். வாசலில் இருந்தால் ஆண்டுதோறும்.

கொஞ்சம் எடை குறையுங்கள், குறைத்ததைக் காத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் செய்து 2008-இல் வெளியான ஆய்வு, கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை பதின்பருவத்தோடு ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது என்று காட்டியது. ஆண்டுக்குப் பத்தில் ஒன்று சாகும். அதே அளவு புதிதாகப் பிறக்கும். எடை குறைத்தால் செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை, அவை சுருங்குகின்றன. சுருங்கிய செல் மறுபடி ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் இடம் அப்படியே காலியாக இருப்பதால், விட்டால் நிரம்பிவிடும். எடை திரும்ப ஏறுகிறதே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். உடம்பின் அமைப்பு அப்படி. அதனால்தான் மூன்று மாதத் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எவ்வளவு குறைக்க வேண்டும்? அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய தடுப்பு ஆய்வில் இலக்கு உடல் எடையில் 7 சதவீதமும் வாரம் 150 நிமிட நடையும்தான். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 75 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தேகால் கிலோ. நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல சேதி உண்டு. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், குறைந்த கலோரி உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமல், சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். ஒப்பீட்டளவில் ஒல்லியானவர்களை வைத்தும் பின்னர் பார்த்தார்கள்: பி.எம்.ஐ. 27-க்குக் கீழே இருந்த 20 பேரில் 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. ஒல்லிக்கும் குறைக்க இடம் இருக்கிறது. அது கல்லீரலிலும் கணையத்திலும்.

எடை இறங்கவில்லை என்றால் எல்லாம் வீண் என்று நினைத்து நிறுத்தாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. நம் ஊர் மனிதர்கள், நம் ஊர் சாப்பாடு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

தட்டில் அரிசியை மையத்திலிருந்து நகர்த்துங்கள்.

காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. பெயர் மூன்று, பொருள் ஒன்று. சோற்றை அறவே விட்டுவிடச் சொன்னால் யாரும் பத்து நாளுக்கு மேல் தாங்க மாட்டார்கள். சொல்பவருக்கும் அது தெரியும். அளவையும் கூட்டாளியையும் மாற்றலாம். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு, சாம்பார் ஒரு கிண்ணம் நிறைய, கூடவே ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ. மதியம் தட்டில் பாதி கீரையும் பொரியலும் கூட்டும். கால் பங்கு பருப்போ மீனோ. மீதிக் கால்தான் சோறு. உருளைக்கிழங்கும் சேனையும் மரவள்ளியும் காய்கறிக் கணக்கில் வராது. நெத்திலி, மத்தி போன்ற மலிவான மீன்கள் குழம்பில் போதும், வறுக்க வேண்டாம். பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

சிறுதானியம் நல்லது. அதற்காகக் கேழ்வரகுக் களி மூன்று உருண்டை என்றால் அதுவும் மாவுச்சத்துதான். எண்ணெயைச் செக்கில் ஆட்டியதா என்று பார்ப்பதோடு, மாதம் எத்தனை லிட்டர் என்றும் பாருங்கள்; நால்வர் குடும்பத்துக்கு இரண்டு லிட்டர் போதும். இதை வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சமைக்காதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் பிள்ளைகளுக்கும் அதே தட்டுதான் வேண்டும்.

சாப்பிட்ட பிறகு நடங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்.

ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசை அசையும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் 15 நிமிடம் போதும். பெரிய வேகம் வேண்டாம். நடைப்பயிற்சியோடு நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். தசை வளர்வது பாரம் தூக்கினால்தான். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தொடங்கலாம். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு உடலுழைப்புக்கு முதலில் கரையும். மெஷினில் எடை மாறாதபோதே டேப்பில் மாற்றம் தெரியும்.

தூங்குங்கள்.

ஏழு பேரை நான்கு இரவு நாலரை மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, அவர்களின் கொழுப்புச் செல்லை எடுத்துப் பார்த்தார்கள். இன்சுலினுக்கு அந்தச் செல்கள் செவிசாய்ப்பது சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. 2012-இல் வெளியான இந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பகலில் தூங்கும் அறையை இருட்டாக வையுங்கள். அந்தத் தூக்கத்தைப் பால்காரரோ கூரியரோ வந்து கெடுக்காதபடி வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.

புகையை விடுங்கள். சிகரெட் பிடிப்பவர் ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேரும்.

பிரசவம் முடிந்ததும் ஃபைலை மூடிவைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சென்னை மருத்துவர் வி. சேஷையா பல்லாண்டு வலியுறுத்தியதன் பலன் அது. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண், குழந்தை பிறந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்பது பல வீடுகளில் மறந்துபோகிறது. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் அன்றே அம்மாவும் ரத்தம் கொடுத்துவிடலாம். அவருக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. பிறகு ஆண்டுதோறும் பார்ப்பது நல்லது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது கணவரின் வேலையாகவும் இருக்கட்டும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், எடை இறங்க இறங்க மருத்துவரிடம் அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையும் இன்சுலினும் பழைய எடைக்கு எழுதிய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். தேறியதும் ஒரு பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு, நேரத்தையும் அளவையும் நோட்டில் குறித்து, அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.